மலையில் நாலு தொட்டி: ஹட்டன் குளிருக்கும் பீலித் தண்ணீருக்கும் ஏற்ற சிறு மீன் தொட்டி வரிசை

ஹட்டன் உயரத்திலுள்ள ஒரு வீட்டில், ஒரே இரும்புச் சட்டத்தில் நாலு சிறிய நன்னீர்த் தொட்டிகளை வைத்து, தண்ணீரைப் பழக்கி, மீன் விட்டது வரையான வேலையின் பதிவு இது. கொட்டகலை, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக்கும் அளவுகள் அப்படியே பொருந்தும். மீன் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை கொழும்பின் 28 பாகைத் தண்ணீரை நினைத்து எழுதப்பட்டவை. மலையில் அவற்றைப் பின்பற்றினால் இரண்டு இடங்களில் அடி விழும்: ஒன்று குளிர், மற்றது தண்ணீரில் சுண்ணம் இல்லாமை. குளிரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். புதுத் தொட்டிகள் கவிழ்வதற்குப் பெரிய காரணம் இரண்டாவதுதான்.

தண்ணீர் எத்தனை பாகை?

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை இறங்கும். கொழும்பின் சராசரியை 27 என்று எடுத்தால், 500 மீற்றரிலுள்ள கண்டிக்கு 24, 1270 மீற்றரிலுள்ள ஹட்டனுக்கு 19, 1868 மீற்றரிலுள்ள நுவரெலியாவுக்கு 15 அல்லது 16 வரும். ஆனால் மீனைத் தீர்மானிப்பது சராசரி அல்ல, விடியற்காலைக் குளிர். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாளி தண்ணீரை ஒரு வாரம் வைத்து, காலை 5.30க்கும் பிற்பகல் 3 மணிக்கும் வெப்பமானியில் பாருங்கள். இரண்டு அளவுக்கும் இடையே 4 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். இஸ்தோப்பு இதனாலேயே சரிவராது: பகலில் வெயில், இரவில் பனிக்காற்று. உள் காம்பராவின் உட்சுவர்ப் பக்கம் நல்லது. விறகடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். காரணம் வெப்பம் மட்டுமல்ல; எயார் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. அடுப்புப் புகையும் நுளம்புச் சுருள் புகையும் நேரே தொட்டிக்குள் போகும். நுளம்புச் சுருளில் உள்ள மருந்து மனிதரைவிட மீனுக்கும் இறாலுக்கும் பல மடங்கு நஞ்சு.

குளிர்ந்த தண்ணீர் கூடுதல் ஒட்சிசனைப் பிடிக்கும், ஆகவே மலையில் காற்று ஊதத் தேவையில்லை என்று சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் அது நிற்காது. 18 பாகைத் தண்ணீர் கடல் மட்டத்தில் லீட்டருக்கு 9.5 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் ஐந்தில் நாலு பங்குதான். அங்கே அதே தண்ணீர் 7.6 வரைதான் பிடிக்கும். கொழும்பின் 28 பாகைத் தண்ணீர் பிடிப்பது 7.8. ஆக இரண்டும் சமம். நுவரெலியாவில் ஹீட்டர் போட்டு 26 ஆக்கினால் 6.5க்கு வந்துவிடும். காற்று கட்டாயம் வேண்டும்.

நாலு தொட்டிக்கும் ஹீட்டர் போடலாமே என்று தோன்றும். 8 பாகை உயர்த்த லீட்டருக்கு ஒன்றரை வாட் என்று வைத்தால் 130 லீட்டருக்கு 200 வாட். பாதி நேரம் எரிந்தாலும் ஒரு நாளைக்கு 2 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 70 யூனிட். படிக்குப் படி விலை ஏறும் மின் கட்டணத்தில் இது சின்னச் செலவு இல்லை. மின்சாரம் நின்ற இரவில் சூட்டுக்குப் பழகிய மீன் நேரே குளிருக்குள் விழும். அதனால் தொட்டிக்கு ஏற்ற மீன் என்று தேடாமல், வீட்டுக் குளிருக்கு ஏற்ற மீன் என்று தேட வேண்டும்.

எந்த மீன், எது வேண்டாம்

வைட் கிளவுட் இந்த உயரத்துக்கென்றே பிறந்த மீன். தென் சீன மலையோடைகளிலிருந்து வந்தது. 14 முதல் 22 பாகை வரை நன்றாக இருக்கும், மென்தண்ணீரும் ஒத்துவரும். சீப்ரா டேனியோ 18க்கு மேல் சரி. ஆனால் ஓயாமல் நீந்துவதால் 2 அடிக்குக் குறைந்த தொட்டியில் விடக்கூடாது. அடித்தளத்துக்குப் பெப்பர் கோரி, 18 முதல் 23. பிளாட்டி 18 வரை தாங்கும், ஆனால் அதற்குச் சுண்ணம் வேண்டும். செர்ரி இறால் 18இல் மெதுவாகப் பெருகும், நோயின்றி இருக்கும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலைக்கு ஹீட்டர் இல்லாமல் என்றால் இந்தப் பட்டியலில் வைட் கிளவுட் மட்டுமே மிஞ்சும்.

பைட்டருக்கு 25க்குக் குறையக்கூடாது. போத்தலில் வைத்து விற்பதால் போத்தலே போதும் என்று நினைக்கிறார்கள்; குளிர்ந்த போத்தலில் அது சாப்பிடாமல் அடியில் கிடக்கும். கப்பி 18இல் உயிரோடு இருக்கும், ஆனால் செட்டை அழுகலும் பூஞ்சையும் விடாது. செர்ரி பார்ப் நம் தீவுக்கே உரிய மீன், விலங்கியலாளர் தெரனியகல 1929இல் விவரித்தது. ஆனாலும் அது தென்மேற்குத் தாழ்நிலத்து நிழலோடை மீன், 23க்குக் கீழ் சோர்ந்துவிடும். நம் நாட்டு மீன் என்பதற்காக மலைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. பொன்மீன் குளிருக்கு மிகப் பொருத்தம், ஆனால் 20 சென்றிமீற்றரைத் தாண்டி வளரும், கழிவும் அதிகம். 1 அடித் தொட்டியில் விட்ட பொன்மீன் வளராமல் நிற்பதைப் பார்த்து அதன் அளவே அவ்வளவுதான் என்று எண்ணுவது மீனுக்குச் செய்யும் கொடுமை.

தொட்டிகளும் சட்டமும்

1 கன அடி என்பது 28.3 லீட்டர். மேல் விளிம்பில் 4 சென்றிமீற்றர் விட்டு, மணல் பிடிக்கும் இடத்தையும் கழித்தால் கையில் நிற்கும் தண்ணீர் இவ்வளவு:

- 2 × 1 × 1 அடி, 6 மி.மீ. கண்ணாடி: 46 லீட்டர். வைட் கிளவுட் 12, பெப்பர் கோரி 5.
- 1½ × 1 × 1 அடி, 5 மி.மீ.: 34 லீட்டர். பிளாட்டி, ஓர் ஆணுக்கு மூன்று பெண்.
- 1 அடிக் கனசதுரம், 5 மி.மீ.: 23 லீட்டர். செர்ரி இறால் 15, பாசி.
- இன்னொரு 1 அடிக் கனசதுரம், மணல் இல்லாமல்: 24 லீட்டர். புது மீனைத் தனியே வைத்துப் பார்க்க.

நாலாவது தொட்டியை வீண் என்று நினைத்து அதிலும் மீன் விடுபவர்கள் அதிகம். மற்ற மூன்றையும் காப்பாற்றுவது அதுதான்.

2 அடித் தொட்டி தண்ணீர், 9 கிலோ மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 66 கிலோ வரும். 1½ அடி 48 கிலோ. மேல் தட்டுக்கு 115 கிலோ. ஒன்றரை அங்குல ஆங்கிள் அயனில் 4 அடி நீளம், 14 அங்குல ஆழத்தில் இரண்டு தட்டுச் சட்டம் ஒட்டுவித்தால் தாங்கும். கீழ்த் தட்டில் இரண்டு கனசதுரங்களும் 20 லீட்டர் கேன் ஒன்றும். கீழ்த் தொட்டியின் விளிம்புக்கும் மேல் தட்டுக்கும் இடையே ஓர் அடி விடாவிட்டால் கை விட்டுத் துப்புரவு செய்ய முடியாது. ஒட்டுவேலைக்குக் கொடுக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும். லயக் காம்பராத் தரைகள் கழுவிவிட வசதியாகச் சரிவாக இருக்கும். மட்டம் பார்த்துச் சட்டத்தின் காலுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். தொட்டிக்கடியில் கட்டை வைத்தால் ஒரு மூலையில் பாரம் ஏறி அடிக்கண்ணாடி வெடிக்கும். சட்டத்தின் மேல் 12 மி.மீ. பிளைவூட், அதன்மேல் 1 சென்றிமீற்றர் ரிஜிபோம், அதன்மேல் தொட்டி. அதே ரிஜிபோமை முதுகுப்புறமும் இரு பக்கமும் ஒட்டி மேலே கண்ணாடி மூடி போட்டால் இரவில் தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும். மூடி வேறொன்றுக்கும் அவசியம்: வைட் கிளவுட் துள்ளி வெளியே விழும்.

மணலுக்குச் சாதாரண ஆற்று மணல் போதும். 3 சென்றிமீற்றர் உயரத்துக்கு 2 அடிக்கு 9 கிலோ, 1½ அடிக்கு 6 கிலோ, 1 அடிக்கு 4 கிலோ. வாளியில் கையை விட்டுக் கிளறி, வழியும் தண்ணீர் தெளிவாகும்வரை கழுவுங்கள். ஒரு சிட்டிகை காய்ந்த மணலில் வினாகிரி விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நுரைத்தால் அதில் சுண்ணம் உண்டு. பிளாட்டித் தொட்டிக்கு ஒதுக்குங்கள்.

நாலு வாய் எயார் பம்ப் ஒன்று, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஸ்பொஞ்ச் பில்டர், ஒவ்வொரு குழாயிலும் ஒரு திரும்பாத வால்வு. பம்ப் மேல் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி வரும். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், வழியும் துளி அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பீலித் தண்ணீர்

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை, அது பெரிய வசதி. ஆனால் அது எந்த மலை வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவ மழையில் தேயிலைக்குக் கொப்புள நோய் வரும். அதற்கு அடிப்பது செம்பு கலந்த மருந்து. லீட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பும் இறாலுக்கு ஆபத்து. மருந்தடித்த கிழமையிலும், உரம் போட்டதற்குப் பின் வரும் முதல் மழையிலும் தேயிலைக்குக் கீழே உள்ள ஊற்றில் பிடிக்க வேண்டாம். தேயிலைக்கு மேலே, காட்டோரத்தில் ஊற்று இருந்தால் அதுவே நல்லது. தகரக் கூரையில் வழியும் மழைநீரில் நாகம் (துத்தநாகம்) கலந்திருக்கும், அதுவும் இறாலுக்கு ஆகாது.

நகரக் குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேற்று) கரைசல்: 10 கிராமை 1 லீட்டரில் கரைத்து, 20 லீட்டர் கேனுக்கு 15 மி.லீ. எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஓர் இரவு அறைக்குள் வைத்த பிறகே தொட்டிக்குள் ஊற்ற வேண்டும்.

இனி மலைத் தண்ணீரின் முக்கியக் குறை. மலை ஊற்றுகள் கருங்கல் போன்ற கரையாத பாறை வழியே வருவதால் சுண்ணம் மிகக் குறைவு. துளிச் சோதனையில் கே.எச். (தண்ணீர் புளிக்காமல் தடுக்கும் காபனேற்றுகளின் அளவு) பெரும்பாலும் 1 அல்லது 2தான் காட்டும். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் இந்தக் கே.எச்.சைத் தின்றபடிதான் வேலை செய்கின்றன. லீட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியாவை மாற்ற 0.65 பாகை கே.எச். செலவாகும். கே.எச். 1 உள்ள தண்ணீர் இரண்டாவது தடவையிலேயே வெறுமையாகிவிடும். அதன்பின் பி.எச். 7இலிருந்து 6க்குக் கீழே ஓரிரு நாளில் விழும், பக்டீரியாக்கள் நின்றுவிடும். வெளியே தெரிவது இதுதான்: தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், சோதனையில் அமோனியா நிறம் மாறாமல் நிற்கும், குளிர்தான் காரணம் என்று ஹீட்டரைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பி.எச். 6இல் அமோனியா கிட்டத்தட்ட முழுவதும் தீங்கற்ற அமோனியமாக இருக்கும். பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றி, பி.எச்.சை 8க்குக் கொண்டுவந்தால் அதே அளவு கழிவில் நஞ்சுள்ள பங்கு ஏறக்குறைய நூறு மடங்காகும். காலையில் நீந்திய மீன் மாலையில் மிதக்கும். பி.எச். விழுந்த தொட்டியில் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் மாற்ற வேண்டும், மீனுக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு.

தடுப்பதற்கு இரண்டு பொருள் போதும். உடனடிக்கு அப்பச் சோடா: 50 லீட்டரில் கே.எச்.சை 1 பாகை உயர்த்த 1.5 கிராம். ஒரு மட்டத் தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள். நீண்ட நாளைக்குக் கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் சிப்பி நொறுக்கல்: 100 கிராமை நன்றாகக் கழுவி, வலைத்துணியில் கட்டி, ஸ்பொஞ்ச் பில்டரின் குமிழி ஓட்டத்துக்குப் பக்கத்தில் போட்டால் கே.எச். சில கிழமைகளில் 3, 4க்கு வந்து நிற்கும். தண்ணீர் புளித்தால் கூடக் கரையும், சரியானால் தானாகவே குறையும் என்பதால் அளவு தப்பாது. பிளாட்டிக்கும் இறாலுக்கும் இது கட்டாயம். இறால் ஓடு கழற்ற அந்தக் கல்சியம் வேண்டும். வைட் கிளவுட் தொட்டிக்கு 40 கிராம் போதும். தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தூளும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மாவாக இருப்பதால் நாள் கணக்கில் கலங்கும். கடற்கரையில் பவளப்பாறை உடைத்தெடுப்பது சட்டவிரோதம். அதை யாரும் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

நாலு ஸ்பொஞ்சையும் ஒரே தொட்டியில் பழக்குதல்

பழக்குவது என்றால், மீன் விடும் முன் இந்தப் பக்டீரியாக்களை ஸ்பொஞ்சில் வளர்த்தெடுப்பது. தொட்டி பல இருப்பதன் பெரிய லாபம் இதில்தான். 18 பாகையில் இந்தப் பக்டீரியாக்கள் 28இல் வளரும் வேகத்தில் பாதிதான் வளரும். தொட்டிக்குத் தொட்டி பழக்கினால் 6 முதல் 8 கிழமை போகும். அதற்குப் பதிலாக 2 அடித் தொட்டியில் மட்டும் 100 வாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டு 28இல் வைத்து, நாலு ஸ்பொஞ்ச் பில்டரையும் அதிலேயே ஓட விட வேண்டும்.

அமோனியாவுக்குத் தோட்டங்களில் போடும் அமோனியம் சல்பேட் உரமே போதும். வெள்ளைப் பளிங்குத் துகளாகத் தனியாக இருக்க வேண்டும். தேயிலைக் கலவை உரம் கூடாது. 10 கிராமை 1 லீட்டரில் கரைத்து, அதில் 36 மி.லீ. விட்டால் 46 லீட்டரில் அமோனியா லீட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். முதலில் ஒரு மட்டத் தேக்கரண்டி அப்பச் சோடா, பிறகு உரக் கரைசல். அமோனியா பூச்சியத்துக்கு இறங்கும்போதெல்லாம் மறுபடி 36 மி.லீ. ஒவ்வோர் இரண்டு தடவைக்கும் ஒருமுறை கே.எச். பார்த்து, 3க்குக் கீழே போனால் அரைத் தேக்கரண்டி சோடா.

முதலில் அமோனியா அசையாமல் நிற்கும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறிச் சோதனைக் குழாய் கடும் ஊதாவாகும். இந்தக் கட்டம்தான் நீளமானது, பொறுமை வேண்டும். விட்ட 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் அமோனியா பூச்சியம், நைட்ரைட் பூச்சியம் என்று ஆனால் பழகிவிட்டது. 28இல் இதற்கு ஏறக்குறைய 4 கிழமை. வேறொருவரின் நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பொஞ்சை இதற்குள் பிழிந்துவிட்டால் இன்னும் விரைவாகும். அந்தக் கபில நிறச் சேறு அழுக்கு அல்ல. இதே காரணத்தால் ஸ்பொஞ்சை ஒருநாளும் குளோரின் குழாயடியில் கழுவக்கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

பழகியதும் ஹீட்டரை ஒரு நாளைக்கு 2 பாகை வீதம் இறக்கி, தண்ணீரில் முக்கால்வாசியை மாற்றி நைட்ரேட்டை வெளியேற்றிவிட்டு, ஸ்பொஞ்சுகளை அந்தந்தத் தொட்டிக்கு ஈரம் காயாமல் மாற்றுங்கள். ஹீட்டர் இனி நாலாவது தொட்டிக்கு.

செடிகளில் எலோடியா குளிரில் நன்றாகத் தழைக்கும். ஜாவா பாசியும் ஜாவா பேர்னும் மெதுவாக வளரும், ஆனால் சாகாது. கிரிப்டோகொரைன் இலை உதிர்த்துப் பின் துளிர்க்கும். எல்.ஈ.டி. விளக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம். ஓடைகளில் உள்ள கிரிப்டோகொரைன், அப்பொனோகெட்டன் செடிகளைப் பிடுங்காதீர்கள். அவற்றில் பல இந்தத் தீவில் மட்டுமே உள்ளவை, பண்ணையில் வளர்த்தவை கடையில் கிடைக்கின்றன.

மீன் விடுதல்

தாழ்நிலப் பண்ணையில் 28 பாகையில் இருந்த மீன் மலைக்கு வரும் வழியில் பையிலேயே குளிர்ந்துவிடும். ரிஜிபோம் பெட்டியில் கொண்டுவாருங்கள். நாலாவது தொட்டியை முன்கூட்டியே 24க்கு உயர்த்தி, பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் துளித் துளியாகத் தண்ணீர் சேர்ப்பது நெடுந்தூரம் வந்த மீனுக்குக் கெடுதல்: மூடிய பையில் சேர்ந்த காபனீரொட்சைட்டு வெளியேறியதும் பி.எச். ஏறி, பையிலுள்ள அமோனியா நஞ்சாகிவிடும். இறால் மட்டும் விலக்கு. பக்கத்து ஊரிலிருந்து வரும் இறாலை வாளியில் இட்டு, ஒரு செக்கனுக்கு 2 துளி வீதம் ஒரு மணி நேரம்.

நாலாவது தொட்டியில் ஒரு நாளைக்கு 1 பாகை வீதம் வீட்டு வெப்பத்துக்கு இறக்கி, 3 கிழமை வைத்திருங்கள். மலையில் இந்தக் காலத்தைக் குறைக்கவே கூடாது. வெண்புள்ளி நோயின் சுற்று 25 பாகையில் ஒரு கிழமைக்குள் முடியும். 15இல் இரண்டு மூன்று கிழமை இழுக்கும். பத்து நாளில் புள்ளி தெரியவில்லை என்று மாற்றினால் நோயும் கூடவே போகும். புள்ளி தெரிந்தால் கல்லுப்பு லீட்டருக்கு 2 கிராம், 24 லீட்டருக்கு 48 கிராம். மூன்றாகப் பிரித்து 36 மணி நேரத்தில் கரைத்து விட்டு, கடைசிப் புள்ளி மறைந்தபின் இன்னும் 2 கிழமை வைத்திருங்கள். கோரிக்கு அதில் பாதி. வைட் கிளவுட்டுக்குச் சூட்டை 30க்கு ஏற்றும் வைத்தியம் வேண்டாம், அது தாங்காது.

நாலு தொட்டிகளும் சேர்த்து 127 லீட்டர். கிழமைக்கு ஐந்தில் ஒன்று என்றால் 25 லீட்டர், அதாவது 20 லீட்டர் கேன் ஒன்றும் ஒரு சிறு வாளியும். சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்தில் முடியும் அளவு. தண்ணீர் கூடுதலாகக் குளிரும் மார்கழி, தையில் ஒருநாள் விட்டு ஒருநாள். குளிரில் மீனின் செரிமானம் மந்தம். மிஞ்சுவது அத்தனையும் கே.எச்.சைத் தின்னும் அமோனியாவாகத்தான் வரும். கே.எச். சோதனை கிழமைக்கு ஒன்று, தண்ணீர் மாற்றும் முன்பு.

பிளாட்டி குட்டி போடத் தொடங்கினால் சில மாதத்தில் 34 லீட்டர் நிறைந்துவிடும். மிஞ்சியவற்றை ஓடையிலோ காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் மீன் இப்படித்தான் நம் நாட்டு ஆறுகளில் பரவி, இன்று வலையில் சிக்கிக் கிழிக்கிறது. குட்டிகள் 2 சென்றிமீற்றர் வந்ததும் ஆண் பெண் தெரியும். ஆணைத் தனியே பிரித்து வைத்தாலும், ஒரு தடவை சேர்ந்த பெண் பல மாதம் குட்டி போடும். ஆகவே கொடுக்க ஆள் பார்த்து வைத்துக்கொண்டு பெண்ணை வாங்குங்கள், அல்லது ஆண் பிளாட்டி ஐந்தை மட்டும் விடுங்கள்.